மஞ்சளும் தமாக்சிஃபெனும் சந்திக்கும் இடம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, பலருக்கு ஐந்து ஆண்டும் சிலருக்குப் பத்து ஆண்டும் தினமும் ஒரு சிறிய மாத்திரை தொடர்கிறது. அதன் பெயர் தமாக்சிஃபென். 1962-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். அப்போது அவர்கள் தேடியது கருத்தடை மாத்திரை. எலிகளிடம் இது கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களிடமோ கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய ஏற்பியில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது என்பது புரிந்ததும் அதன் தலையெழுத்து மாறியது. 1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் மார்பகப் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகைக் கட்டி இருந்தவர்கள் ஐந்து ஆண்டு இதை ஒழுங்காகச் சாப்பிட்டால், முதல் 15 ஆண்டுகளில் அந்த நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஆனால் விழுங்கும்போது இருக்கும் வடிவத்தில் தமாக்சிஃபென் அவ்வளவு வலுவான மருந்தல்ல. கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஓர் என்சைம் அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றுகிறது, இன்னொரு என்சைம் வேறொரு துண்டை ஒட்டுகிறது. அப்போது பிறக்கும் எண்டாக்சிஃபென் என்ற பொருள்தான் ஏற்பியை இறுகப் பிடிக்கிறது; மூலப் பொருளைவிடப் பல பத்து மடங்கு வலுவாகப் பிடிக்கிறது. மருந்துக் கம்பெனி பாதி செய்து அனுப்புகிறது. மீதியை அந்தப் பெண்ணின் கல்லீரல் செய்து முடிக்கிறது. கழற்றும் என்சைமுக்கு சிப் 3ஏ4 என்று பெயர், ஒட்டும் என்சைமுக்கு சிப் 2டி6. இந்த இரண்டாவது என்சைம் எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. பிறவியிலேயே அது மந்தமாக இருப்பவர்களும், அறவே இல்லாதவர்களும் உண்டு. ஒரே மாத்திரையை விழுங்கும் இரண்டு பேரின் ரத்தத்தில் எண்டாக்சிஃபெனின் அளவு வெகுவாக வேறுபடுவது அதனால்தான்.

என்னைப் பெரிதும் வியக்க வைப்பது வேறொன்று. தமாக்சிஃபென் என்ற பொருள் 1962-க்கு முன் உலகத்திலேயே இல்லை. அப்படியிருக்க அதைப் பிரித்துச் செப்பனிடும் கருவி மனிதக் கல்லீரலில் எப்படித் தயாராக இருந்தது? இந்த என்சைம்கள் பி450 என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதனிடம் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் இருக்கின்றன. செடிகளிடம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஓடிப்போக முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் புழுவையும் ஆட்டையும் குரங்கையும் விரட்டக் கசப்பையும் காரத்தையும் விஷத்தையும் சமைக்கிறது. அந்தச் சமையலில் பெரும்பங்கு பி450 என்சைம்களுடையது. தின்னும் விலங்கு அந்த விஷங்களை உடைத்து வெளியேற்றத் தன்னிடமுள்ள பி450 என்சைம்களைப் பெருக்கிக்கொண்டது. செடிக்கும் விலங்குக்கும் நடந்த இந்த நெடும் போட்டியில்தான் இந்தக் குடும்பம் இப்படிக் கிளைத்தது என்று 1990-இல் ஃபிராங்க் கொன்சாலெஸ், டேனியல் நெபர்ட் என்ற இருவர் எழுதினார்கள். மருந்துக்கடை மாத்திரைகள் இந்தக் கதையில் நேற்று வந்தவை. கல்லீரல் பாடம் படித்ததே வேரிலும் இலையிலும் பட்டையிலும்.

ஆகவே மூலிகை என்று ஒரு பாதையும் இங்கிலீஷ் மருந்து என்று ஒரு பாதையும் உடம்பில் கிடையாது. இரண்டும் ஒரே இடத்துக்கு வருகின்றன. தெருவில் ஒரே ஒரு மாவு மில் இருந்தால் என்ன ஆகும்? பெரிய மூட்டையோடு ஒருவர் முன்னால் நின்றுவிட்டால் பின்னால் வந்தவரின் தானியம் அரைபடாமல் காத்துக் கிடக்கும். கூட்டம் அதிகமாகிறதே என்று மில்காரர் இன்னும் இரண்டு இயந்திரங்களை இறக்கிவிட்டால், வந்ததெல்லாம் நிமிடத்தில் மாவாகி வெளியே போய்விடும். சில மூலிகைகள் முதல் வேலையைச் செய்கின்றன, சில இரண்டாவது வேலையைச் செய்கின்றன. முதலாவதில் மருந்து ரத்தத்தில் தேங்கி நஞ்சாகலாம். இரண்டாவதில் வேலை செய்யுமுன்பே கழிந்து போகலாம்.

மிளகின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்த திரிகடுகைச் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் எத்தனையோ மருந்துகளோடு கூட்டிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பிப்பெரின், குடலிலும் கல்லீரலிலும் மருந்தை உடைக்கும் என்சைம்களை அடக்குகிறது; குடல் சுவரில் உள்ளே வந்ததைப் பிடித்து வெளியே தள்ளும் புரதத்தையும் தடுக்கிறது. ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பிப்பெரின் சேர்த்து, ரிஃபாம்பிசினின் அளவை 200 மில்லிகிராமுக்குக் குறைத்த மாத்திரை 2009-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. மரபு அனுபவத்தில் கண்டதை ஆய்வகம் உறுதி செய்த அருமையான இடம் இது. அதே உண்மைதான் புற்றுநோய் வார்டில் எச்சரிக்கையாகவும் மாறுகிறது: ஒரு மருந்தின் அளவை மாற்றும் சக்தி மிளகுக்கு உண்டு என்றால், நாம் மாற்ற விரும்பாத மருந்தின் அளவையும் அது மாற்றக்கூடும்.

மஞ்சளுக்கு மிளகு தேவைப்படுவதும் இதனால்தான். மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் எளிதில் ஏறுவதில்லை. 10, 12 கிராம் என்று விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின் கொடுத்தபோது, ரத்தத்தில் ஏறிய அளவு 20 மடங்கு கூடியது. இன்று உலகெங்கும் விற்கும் குர்குமின் கேப்சூல் டப்பாக்களில் மிளகுச் சாறு சேர்த்தது என்று பெருமையாகப் போட்டிருப்பதன் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

அந்தக் கேப்சூலையும் தமாக்சிஃபெனையும் ஒரே பெண் சாப்பிட்டால்? எலிகளிடம் பார்த்தபோது குர்குமின் தமாக்சிஃபெனின் அளவை ரத்தத்தில் கூட்டியது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எராஸ்மஸ் மருத்துவ மையத்தில், தமாக்சிஃபென் சாப்பிட்டுக்கொண்டிருந்த 16 நோயாளிகளிடம் பார்த்தபோது நேர்மாறாக நடந்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் தினமும் மூன்று வேளை 1,200 மில்லிகிராம் குர்குமின் சாப்பிட்டார்கள். ஒரு கட்டத்தில் தனியாக, இன்னொரு கட்டத்தில் பிப்பெரினோடு. குர்குமின் மட்டும் சாப்பிட்டபோது எண்டாக்சிஃபென் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்தது; பிப்பெரினும் சேர்ந்தபோது 12 சதவீதம் குறைந்தது. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஏற்கெனவே அளவு தாராளமாக இருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் போதும் போதாது என்ற விளிம்பில் நிற்பவர்களைக் கோட்டுக்குக் கீழே தள்ள அது போதும். சிலர் தள்ளப்படவும் செய்தார்கள். அந்தக் கோடு எங்கே என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. இருந்தாலும், தான் விளிம்பில் நிற்கிறோமா என்பது எந்த நோயாளிக்கும் தெரியாது. அதைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை வழக்கமாக எடுக்கப்படுவதும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் ரசத்தில் மஞ்சளையும் மிளகையும் நிறுத்த வேண்டாம். கணக்கைப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் 100-க்கு 3 பங்கு அளவுதான். அந்த ஆய்வில் ஒரு நாளைக்குக் கொடுத்த 3,600 மில்லிகிராம் குர்குமினை மஞ்சள்தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் 120 கிராம் வேண்டும். எந்த வீட்டிலும் ஒருவர் ஒரு நாளில் அவ்வளவு மஞ்சள் சாப்பிடுவதில்லை. சமையலறையில் அரை ஸ்பூனாக இருப்பது உணவு. அதையே பிழிந்து, செறிவாக்கி, மூன்று வேளை விழுங்கும்போது, ஈரோட்டு மஞ்சளிலிருந்து வந்திருந்தாலும், அது மருந்து. மருந்துக்குரிய கேள்விகளை அதனிடம் கேட்டாக வேண்டும்: எவ்வளவு, எத்தனை நாள், கூட வேறு என்ன?

இதே ராட்டர்டாமில் 2002-இல் இதைவிடப் பெரிய சரிவு ஒன்று பதிவானது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குப் பலரும் கடையில் வாங்கிச் சாப்பிடும் மூலிகை ஒன்று உண்டு. மஞ்சள் பூப்பூக்கும் அந்தச் செடிக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று பெயர். இரினோடெகான் என்ற கீமோ மருந்து ஏற்றப்பட்ட ஐந்து பேரிடம் இந்த மூலிகையோடும் இல்லாமலும் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூலிகையோடு எடுத்தபோது, புற்றைக் கொல்லும் வடிவம் 42 சதவீதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ பாதி மருந்தைக் கொட்டிவிட்டதற்குச் சமம். மூலிகையின் ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் கல்லீரல் செல்லுக்குள் பி.எக்ஸ்.ஆர். என்ற உணரியில் போய்ப் பொருந்துகிறது. அந்த உணரியின் பள்ளம் பெரியது, நெகிழ்வானது. விதவிதமான வேற்றுப் பொருள்கள் அதில் பொருந்தும். ஏதோ உள்ளே வந்துவிட்டது என்று அது உணர்ந்த உடனே, சிப் 3ஏ4 என்சைமை இன்னும் நிறையத் தயாரிக்கும்படி மரபணுவுக்கு உத்தரவு போகிறது. நாம் பயன்படுத்தும் மருந்துகளில் ஏறத்தாழ பாதியைக் கையாளும் என்சைம் அது. மார்பகப் புற்றுக்கான பாக்லிடாக்செல், டோசிடாக்செல், இப்போது பரவலாகிவரும் பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் மாத்திரைகள் எல்லாம் அதன் வழியே போகின்றன. எதிர்த் திசையில் பப்ளிமாஸின் உறவுப் பழமான கிரேப்ஃப்ரூட் குடலில் இந்த என்சைமை முடக்குகிறது. பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் சாப்பிடும்போது அந்தப் பழத்தைத் தவிர்க்கும்படி மருந்தோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சிக்கலை மூலிகைகளின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. தமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு உடம்பு திடீரெனத் தகிக்கும், மனமும் சோர்ந்துபோகும். அதற்கு மருத்துவர்களே பரோக்செடின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்துவந்தார்கள். அது சிப் 2டி6 என்சைமை அடக்குகிறது. இரண்டையும் நீண்ட காலம் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றால் இறப்பு கூடியிருந்ததைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு ஒன்று 2010-இல் காட்டியது. படித்துப் பட்டம் பெற்றவர்கள் எழுதிய சீட்டிலேயே இது நடந்திருக்கிறது. எந்தப் பொருள் எதோடு மோதுகிறது என்பதுதான் கேள்வி; அது எந்த மரபிலிருந்து வந்தது என்பதல்ல.

மோதல் எப்போதும் என்சைமில்தான் நடக்கும் என்பதும் இல்லை. கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் புற்றுச் செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கி அதைச் சிதைக்கின்றன. ஆன்டி ஆக்சிடன்ட் என்று புகழப்படும் சத்துப்பொருள்கள் அந்த ஆக்சிஜனைத்தான் அணைக்கின்றன. நல்ல செல்லை மட்டும் காப்பாற்று, கெட்ட செல்லை விட்டுவிடு என்று அவற்றுக்குச் சொல்ல வழியில்லை. மார்பகப் புற்றுச் செல்களிலும், அந்தச் செல்கள் வளர்க்கப்பட்ட எலிகளிலும் குர்குமின் சில கீமோ மருந்துகளின் வேலையைக் கெடுத்ததை 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்த 1,134 பேரை வைத்து 2020-இல் வந்த ஆய்வில், சிகிச்சைக்கு முன்பும் நடுவிலும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. அப்படிச் சாப்பிட்டவர்கள் சிலரே என்பதால் அதைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. கீமோ ஓடும் மாதங்களில் அவற்றை ஒதுக்கி வைக்க அந்த அளவு சந்தேகமே போதுமானது என்பது என் கருத்து.

கல்லீரலே புண்படுவதும் உண்டு. அமெரிக்காவில் மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை ஆராய்ந்து 2022-இல் எழுதினார்கள். அவர்களில் 7 பேரிடம் ஒரே நோயெதிர்ப்பு மரபணு வகை இருந்தது. அதாவது கோடிப் பேருக்கு ஒன்றும் செய்யாத பொருள், அந்த மரபணு உள்ள சிலருக்குக் கல்லீரலைச் சுட்டுவிடுகிறது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தவர்களிடமும் மும்பை மருத்துவர்கள் இப்படிச் சிலரைக் கண்டார்கள். அமுக்கராக் கிழங்குக் கேப்சூல்களிலும் இதே புகார் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கீமோ நடக்கும்போது ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ஏறினால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டிவரும். காரணம் கீமோவா கஷாயமா என்று மருத்துவருக்குத் தெரியாவிட்டால் தேவையான மருந்தையே குறைக்க நேரும். வாட்ஸ்அப்பில் கீமோவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை என்று சுற்றும் முள் சீத்தாவுக்கு மனிதர்களிடம் அப்படி ஒரு சான்றும் இல்லை. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் விசித்திரமான ஒரு நடுக்குவாதம் அதிகம் காணப்பட்டதை 1999-இலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் செடிகள் மார்பகப் புற்றுக்குக் கொடுத்ததை மறந்துவிடக் கூடாது. பாக்லிடாக்செல் 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் வெட்டியெடுத்த யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இரு ஆய்வாளர்கள் அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1994-இல். வினோரெல்பின் என்ற இன்னொரு மருந்து நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் வழிவந்தது. யூ மரம் தன் பி450 என்சைம்களால் பாடுபட்டுக் கட்டும் பாக்லிடாக்செலை, நம் கல்லீரல் தன் பி450 என்சைம்களால் அவிழ்க்கிறது! பட்டையை யாரும் கஷாயம் வைத்துக் குடித்ததால் இந்த மருந்து கிடைக்கவில்லை. உடம்பின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்கிட்டு, சொட்டுச் சொட்டாக, இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஏற்றக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டு ஆனது.

சமையலறையிலிருந்தே வந்து சோதனையில் தேறியதும் உண்டு. கீமோ எடுத்த 576 பேரிடம், பெரும்பாலும் மார்பகப் புற்று நோயாளிகளிடம், இஞ்சிக் கேப்சூல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளியானது. வழக்கமான வாந்தி மாத்திரையோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருப்பதால் ஆகாது என்று அஞ்சிய காலம் இருந்தது. ஷாங்காய் நகரில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் எழுதியவர்கள், சோயாவை உணவாக அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். குர்குமினுக்கும் கதவு மூடிவிடவில்லை. ஆர்மீனியாவில் முற்றிய மார்பகப் புற்றுள்ள 150 பெண்களில் பாதிப் பேருக்கு, பாக்லிடாக்செலோடு வாரம் ஒருமுறை குர்குமினை ரத்தக் குழாயிலேயே ஏற்றிப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியவர்கள் குர்குமின் ஏற்றிய பக்கம் அதிகம். 2020-இல் வந்த அந்த முடிவைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மிகப் பெரிய இழப்பு நடக்கும் இடம் வேறு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழியை மட்டும் நம்பிய மார்பகப் புற்று நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. இரண்டாவது ஆய்வு, பல வகைப் புற்றுநோயாளிகளிடம், சிகிச்சையோடு மாற்று வழியையும் சேர்த்துக்கொண்டவர்களைப் பார்த்தது. அவர்களிடமும் இறப்பு இரண்டு மடங்கு. ஏன் என்று துருவியபோது காரணம் தெரிந்தது: அவர்களில் பாதிப் பேர் கதிர்வீச்சை மறுத்திருந்தார்கள், மூன்றில் ஒருவர் கீமோவை மறுத்திருந்தார். அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக் கழித்ததும் வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. லேகியம் கொன்றதைவிட, லேகியம் இருக்கிறதே என்ற தைரியத்தில் விட்டுவிட்ட சிகிச்சை அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது.

நம் புறநோயாளிப் பிரிவுகளில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பது போய்வந்த எல்லாருக்கும் தெரியும். "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்பார். "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று பதில் வரும். கூட வந்த மகளின் கைப்பையில் சூரண டப்பா இருக்கும். பொய் சொல்லும் எண்ணம் அந்த அம்மாவுக்கு இல்லை. நாத்தனார் வாங்கிக் கொடுத்த சூரணத்தை அவர் மருந்தாகவே நினைப்பதில்லை. சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டு விழுமோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒரு முறை அதட்டப்பட்டவர் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டார். "கஷாயம், சூரணம், கேப்சூல், சத்துமாவு, யாராவது வாங்கிக் கொடுத்தது ஏதாவது இருக்காம்மா?" என்று பெயர் சொல்லிக் கேட்கும் மருத்துவர்களுக்குப் பதில் கிடைக்கிறது. டப்பாவையே எடுத்துப்போய் மேசையில் வைப்பது இன்னும் நல்லது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்த பாஸ்டன் ஆய்வாளர்கள், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததை 2008-இல் எழுதினார்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத டப்பாவை முறையாகப் படித்த சித்த மருத்துவரும் ஏற்கமாட்டார். அவரிடமும் கீமோ சீட்டைக் காட்டத்தான் வேண்டும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். பூண்டுக் கேப்சூல், ஜின்கோ போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகைச் சரக்குகளை நிறுத்தச் சொல்கிறார்கள் மயக்க மருந்து நிபுணர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் தூண்டிவிட்ட என்சைம், அதை நிறுத்திய மறுநாளே அடங்கிவிடாது. கூடுதலாக உருவான என்சைம் தேய்ந்து பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். கீமோவுக்கு முந்தின இரவு டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்தால் உள்ளே ஏறும் மருந்து இன்னும் பழைய வேகத்தில்தான் கழியும். ஆகவே இந்தப் பேச்சு நடக்க வேண்டிய நாள், முதல் ஊசிக்குத் தேதி குறிக்கும் நாள்.